ஊருக்கு வராத அறிவிப்பு

விழுப்புரம்
26.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய் ஜினேந்திரா. சந்திரா எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் சுகம்தானே? நேற்றுதான் போனில் கேட்டேன். ஆனாலும் கடிதம் என்றால் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வருகிறது. ஸ்ரீநிதி புதுச்சேரி ஹாஸ்டலில் இளைத்துவிட்டாள் என்று அண்ணி வருத்தப்பட்டார். ஜைன வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று நம் வீட்டுப் பெண் அடம்பிடித்தால் அந்த ஹாஸ்டலில் யார் அவளுக்காக அடுப்பு மூட்டுவார்கள்? இரண்டு டப்பா பொடியும் கொஞ்சம் முறுக்கும் கொடுத்தனுப்புகிறேன்.

பத்திரிகை விஷயத்தைப் போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, இனிமேல் காகிதத்தில்தான் என்று ஸ்ரீநிதியின் காதுகுத்தில் நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நான் இன்னும் மீறவில்லை. வழக்கம்போல கண்டக்டர் தமிழ்மணியிடம் கவரைக் கொடுத்திருக்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளுங்கள். போன தடவை மாதிரி அவரை மூன்று டிரிப் சுமக்க வைக்காதீர்கள்.

நேற்று மண்டகப்பட்டைத் தாண்டி, சிறுநாவல்பட்டில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் குன்றை உடைத்து ஜல்லி எடுக்க ஒரு கிரஷர் கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. ஊர் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், அதற்கான கூட்டம். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மோர்கூட வைத்திருந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர்கூட வரவில்லை. கம்பெனி வேனில் வந்த நாலைந்து வெளியூர் ஆட்கள் எழுந்து, குவாரி வந்தால் ஊர் முன்னேறும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். எதிர்ப்பு ஏதும் பதிவாகவில்லை என்று எழுதி முடித்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. குன்றுக்குக் கீழே ஏரி. ஏரிக்குக் கீழே அவர்கள் வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லை. வெடி வைத்தால் முதலில் விரிசல் விடப்போவது அவர்கள் வீட்டுச் சுவர்தான். ஒரு எட்டு நடந்து வந்து வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. கூட்டத்துக்கான அறிவிப்பு மே மாதம் நம் பேப்பர் நடுநாட்டுத் தூதனில்தான் வந்தது. அந்த விளம்பரத்தை வாங்கிக் கொடுத்தவளே நான். செய்தி எழுதுகிறவளேதான் விளம்பரமும் பிடிக்க வேண்டும் என்பது நம் தொழிலின் லட்சணமாகிவிட்டதே.

செய்தியை இதனுடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியில், அறிவிப்பு நம் இதழில் வெளியாகியும் ஊர் உறங்கிவிட்டது என்று கொஞ்சம் காரமாகவே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள். நான் எழுதியதை முழுசாகப் பார்த்து எத்தனையோ நாளாகிறது.

உங்கள் தங்கை,
சந்திரவதி

---

திண்டிவனம்
28.6.2025

அன்புள்ள சந்திராவுக்கு,

அண்ணனின் ஆசிகள். முறுக்கு வந்து சேர்ந்தது. ஸ்ரீநிதிக்கு என்று அனுப்பியது என்னையும் மெஷின் ஓட்டும் பெரியசாமியையும் தாண்டிப் போகவில்லை. அவளிடம் சொல்லிவிடாதே.

செய்தி இன்று மூன்றாம் பக்கத்தில் வந்திருக்கிறது. கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன், இடமில்லை. நீ ஊரைத் திட்ட உட்கார்ந்தால் நாலு பக்கத்தையும் உனக்கே கொடுத்தாலும் போதாது.

இங்கே பழைய கதைதான். காகிதம் மறுபடி விலை ஏறியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது அதே இடத்தில் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார். அதில்தான் கூட்டம் என்கிறார், நானும் போய் என் போனுக்கு ஒட்டிக்கொண்டு வந்தேன். டீக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். ஒரு டீக்கு ஒரு மணி நேரம் பேப்பர் படித்த காலத்தில் அவர்களுக்கு அது பேஜாராக இருந்தது. இப்போது ஒரு டீக்கு ஒரு மணி நேரம் போன் பார்க்கிறார்கள், அதற்குக் கடைக்காரர் எதுவும் வாங்கிப் போட வேண்டியதில்லை. பக்கம் கட்டும் மலர்விழியை பிளெக்ஸ் போர்டு கடைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவள் இன்னும் போகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

ஆடி அமாவாசை வருகிறது. மேல்மலையனூர் அம்மன் சிறப்பு மலருக்கு விளம்பரம் பிடிக்க ஆரம்பித்துவிடு. தசலட்சண விரதத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் நம்மவர்கள் விரதம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் போடும் மன்னிப்புக் கார்டு அச்சடிக்கச் சொல்லி ஆள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். பத்திரிகையை அந்தக் கார்டுகளும் கல்யாணப் பத்திரிகைகளும்தான் தாங்குகின்றன என்று அப்பா இருந்தால் நொந்துபோயிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் ஸ்கூட்டியில் அலையாதே.

அன்பு அண்ணன்,
ஜிதேந்திரன்

---

விழுப்புரம்
9.7.2025

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். சிறுநாவல்பட்டு ஜனங்கள் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். முன்னால் நின்றவர் அம்சா என்ற பெண். குன்றை ஒட்டினாற்போல அவருக்குக் கொஞ்சம் கொல்லையும் ஒரு கிணறும் வீடும் இருக்கிறது. கூட்டம் நடந்ததே எங்களுக்குத் தெரியாது, மறுபடி நடத்துங்கள் என்று மனு கொடுத்தார். வாங்கிக்கொண்ட அதிகாரி, பேப்பரில் போட்டாயிற்றே அம்மா என்று கோப்பிலிருந்து நம் இதழை எடுத்துக் காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே வந்ததும் நான் அந்த அம்மாவை நிறுத்தினேன். பேப்பரைத் திறந்து பார்க்காமல் இருந்துவிட்டு இப்போது வந்து அழுதால் யார் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். நாலு பேர் காதில் விழத்தான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க ஊருக்கு எந்தப் பேப்பரும்மா வருது? நீயே வந்து பாத்துட்டு அப்பாலிக்கா பேசு" என்றார்.

நேற்று போனேன். ஊர் முனையில் டீக்கடை வைத்திருக்கும் கண்ணையன்தான் அங்கே நம் ஏஜென்ட். உங்களுக்கே அவரைத் தெரியும். தூதன் வருகிறதா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சித்திரையோட கட்டு நின்னுபோச்சும்மா. திண்டிவனத்துக்குப் போன் போட்டா நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நானும் கேட்டுக் கேட்டு வுட்டுட்டேன்."

வரும் வழியில் இன்னும் மூன்று ஊரில் விசாரித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் ஓட்டல்களில் விசாரித்தேன். எங்கேயும் இதே பதில்தான்.

என் கடைசிப் பத்தியை ஏன் எடுத்தீர்கள் என்று ஸ்கூட்டியில் வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. இடமில்லாததால் இல்லை. அறிவிப்பு வந்த மே பதினேழாம் தேதி இதழை அச்சடித்தீர்களா, இல்லையா? ஒரு வரியில் பதில் எழுதுங்கள்.

சந்திரவதி

---

திண்டிவனம்
12.7.2025

அன்புள்ள சந்திராவுக்கு,

ஒரு வரியில் கேட்டாய். அன்று ஃபைல் காப்பி மட்டும்தான் அடித்தேன்.

உனக்கு இந்த வார்த்தை தெரியாமல் இருக்காது. விளம்பரம் தரும் ஆபீஸ்களுக்கு, விளம்பரம் கொடுத்தவர்களுக்கு, கோப்பில் வைக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் அடித்துக் கொடுப்பது. சித்திரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள், அதுவும் டவுன் கடைகளுக்கு மட்டும் அடிக்கிறேன், மற்ற நாள் இப்படி. முழுசாக அடித்தால் காகிதக்காரருக்குக் கொடுக்கலாம், அல்லது பெரியசாமிக்கும் மலர்விழிக்கும் சம்பளம் கொடுக்கலாம். இரண்டும் முடியாது. நான் சம்பளத்தைக் கொடுத்தேன்.

அந்த விளம்பரம் வந்தபோது எந்த ஊர், என்ன கூட்டம் என்றுகூட நான் படிக்கவில்லை. அளவைப் பார்த்தேன், பக்கத்தில் வைத்தேன். அடுத்த மாதம் உன் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நீ அந்த ஊரைத் திட்டியிருந்ததை அச்சில் ஏற்ற எனக்குக் கை வரவில்லை. பத்தியை எடுத்தேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பாய். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் தூதனைப் போனில்தான் படிக்கிறாய். காலையில் பக்கங்களை அனுப்புகிறேன், நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அது காகிதத்தில் ஏறியதா, ஏறி யார் கைக்காவது போனதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அண்ணன்,
ஜிதேந்திரன்

---

விழுப்புரம்
18.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய் ஜினேந்திரா.

கட்டைவிரல் விஷயம் நிஜம். மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன், பதில் எழுத ஓடவில்லை. விளம்பரத்தைக் கொண்டுவந்ததும் நான், அதற்கான கமிஷனில் மிக்ஸி வாங்கியதும் நான், ஒன்றும் தெரியாத ஜனங்களை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்தியதும் நான். ஆகவே உங்களை மட்டும் குற்றம் சொல்வதாக நினைக்காதீர்கள்.

ஆனால் அழுது முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடியாது. அம்சாவையும் இன்னும் இரண்டு பேரையும் வக்கீல் சவுரிராயனிடம் அழைத்துப் போனேன். அவர் சொல்வது எளிதான விஷயம்தான். அறிவிப்பு ஊரைப் போய்ச் சேரவில்லை என்று நிரூபித்தால் அந்தக் கூட்டம் செல்லாது, மறுபடி நடத்தியாக வேண்டும். ஊரார் நூறு பேர் பார்க்கவில்லை என்று சொன்னாலும் எடுபடாது. இந்த இதழ் அந்த ஊருக்கு அனுப்பப்படவே இல்லை என்று அச்சடித்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுபடும். ஆவணி முடிவதற்குள் மனு போட வேண்டும்.

அச்சடித்தவர் நீங்கள்தான், அண்ணா.

அம்சா தன் கிணற்றைக் காட்டினார். கோடையிலும் மூன்று ஆள் மட்டம் தண்ணீர் நிற்கிறது. அந்த ஊரில் பாதி வீட்டுக்குக் குடிதண்ணீர் அதுதான். குன்றை உடைத்துக் கீழே தோண்டினால் ஊற்று எந்தப் பக்கம் திரும்புமோ தெரியாது என்று அவர் கவலைப்படுகிறார். இதைத்தான் அந்தக் கூட்டத்தில் அவர் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்ல விடாமல் செய்தது நாம்.

ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்,
சந்திரா

---

திண்டிவனம்
21.7.2025

சந்திராவுக்கு,

நீ கேட்பதன் அர்த்தம் உனக்குத் தெரியும். அப்படி ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்ட அன்றே பொது அறிவிப்புகள் நின்றுவிடும். அறிவிப்புகள் நின்றால் தூதன் நின்றுவிடும். கேஸ் வந்தால் அச்சகமும் சேர்ந்து போகும்.

போன கார்த்திகையில் வெள்ளம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? விழுப்புரத்தில் கரண்ட் இல்லை, போன் இல்லை. எந்தப் பாலம் மூழ்கியது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள், யார் வீட்டு ஆள் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று நீ இடுப்பளவு தண்ணீரில் நடந்து எழுதி அனுப்பினாய். நான் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து அடித்தேன். ஈரக் கையோடு ஜனங்கள் அந்த நாலு பக்கத்தைப் பிடுங்கிப் படித்ததை நீ பார்த்தாய். பெரிய பத்திரிகைகள் நம் ஊருக்கு ஒரு படம் போட்டுவிட்டுப் போய்விட்டன. அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் நான் இந்த இயந்திரத்தை உயிரோடு வைத்திருக்கிறேன். செத்துப்போன பத்திரிகையால் யாருக்கு என்ன உபயோகம்? நாளைக்கு இன்னொரு குன்றை உடைக்க வந்தால் யார் எழுதுவார்கள்?

வெள்ளம் வடிந்த மறுவாரம் அதே ஜனங்களில் ஒருவர்கூட சந்தா கட்டவில்லை என்பதையும் நீ மறந்துவிடாதே. பத்திரிகை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் யார்?

மலருக்கு நீ பிடித்த விளம்பரங்கள் வந்தன. அந்தக் கிரஷர் கம்பெனியும் தானாக வந்து கால் பக்கம் கொடுத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

இந்த விஷயமாக இனி எழுத வேண்டாம்.

ஜிதேந்திரன்

---

விழுப்புரம்
2.8.2025

அண்ணாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றுதான், இதற்கு மேல் எழுதவில்லை.

மலரைப் பார்த்தேன். அம்மன் படத்துக்குக் கீழே கம்பெனியின் வாழ்த்து. வழித்துணையாக இருக்கட்டும் என்று அந்த மலரை மேல்மலையனூருக்குப் போன சிறுநாவல்பட்டு ஜனங்களும் வாங்கியிருப்பார்கள். அதை மட்டும் முழுசாக அடித்திருப்பீர்களே.

வெள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அழுதேன், அது வேறு விஷயம். நாளைக்கு வரப்போகும் ஊருக்காக இன்றைக்கு இருக்கும் ஊரை விட்டுவிடலாம் என்கிறீர்கள். நாளைக்கு அந்த ஊர் வந்து நின்றாலும் இதையேதான் சொல்வீர்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது.

என்னுடைய நிருபர் அடையாள அட்டையை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். விளம்பரம் வாங்கியது நான்தான், பிரதி ஊருக்குப் போகவில்லை என்று விசாரித்து அறிந்தேன் என்று வக்கீலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் அச்சகத்தில் இல்லையே அம்மா, இது போதாது என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். இருக்கட்டும். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

தசலட்சணப் பத்து நாளுக்கு நான் வரவில்லை. அண்ணியிடம் காலில் வலி என்று சொல்லிவிடுங்கள். விரதம் முடிந்ததும் அப்பா ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கார்டு போடுவார். நீங்களும் வருஷம் தவறாமல் எனக்குப் போடுகிறீர்கள், 'அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள்க' என்று. இந்த வருஷம் எனக்குப் போடாதீர்கள். வந்தால் நான் பிரிக்க மாட்டேன்.

சந்திரவதி

---

திண்டிவனம்
9.9.2025

அன்புள்ள சந்திராவுக்கு,

ஜெய் ஜினேந்திரா. ஒரு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. உன் அட்டையை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு, அந்த இழுப்பறையைத் திறக்காமலே இருந்தேன். நீ வராததற்குச் சொன்ன காரணத்தை அண்ணி நம்பவில்லை. சந்திராவுக்குக் காலில் வலி வந்தால் ஸ்கூட்டியில் வருவாளே என்றாள்.

போன வாரம் கம்பெனி மேனேஜர் வந்திருந்தார். பழத்தட்டு, சால்வை எல்லாம் கொண்டுவந்தார். வருஷம் முழுவதும் அவர்களுடைய எல்லா அறிவிப்பையும் தூதனுக்கே தருவதாகச் சொன்னார். இன்னும் மூன்று ஊரில் குவாரி கேட்டிருக்கிறார்களாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பெரிய பத்திரிகைகளை விட்டுவிட்டு எங்களுக்கு ஏன் தருகிறீர்கள் என்று உபசாரமாகக் கேட்டேன். அந்த மனிதர் என்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு சொன்னார்: "உங்க பேப்பர்ல போட்டா ஆபீஸுக்குத் தெரியும் சார், ஊருக்குத் தெரியாது. அதுக்குத்தான சார் உங்கள தேடிக்கினு வர்றோம்."

எதிரே பெரியசாமி நின்றுகொண்டிருந்தார். இத்தனை வருஷம் இயந்திரத்தோடு நின்ற மனிதர். என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

தூதன் உயிரோடு இருந்தால் அடுத்த ஊரைக் காப்பாற்றும் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? அடுத்த மூன்று ஊருக்கும் என் தூதன்தான் திரை. பழத்தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

விரதம் முடிந்ததும் வழக்கம்போல மன்னிப்புக் கார்டு எழுத உட்கார்ந்தேன். 'அறிந்தும்' என்று எழுதினேன். அடுத்த சொல் எழுத வரவில்லை. இந்த வருஷம் நான் அறியாமல் செய்த பிழை ஒன்றும் இல்லை, சந்திரா. கார்டுக் கட்டை மூடி வைத்துவிட்டு மலர்விழியைக் கூப்பிட்டு முதல் பக்கத்தைக் கலைக்கச் சொன்னேன்.

நேற்றைய இதழை இதனுடன் வைத்திருக்கிறேன். இது உன் போனுக்கு வந்திருக்காது. வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. முதல் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது:

'சிறுநாவல்பட்டு மக்களுக்கு. உங்கள் ஊரில் குவாரி அமைப்பது குறித்த கூட்டத்துக்கான அறிவிப்பு கடந்த மே 17 இதழில் வெளியானது. அந்த இதழ் உங்கள் ஊருக்கு அனுப்பப்படவில்லை. வேறு எந்த ஊருக்கும் அனுப்பப்படவில்லை. இதை அறிந்தே செய்தோம். பொறுத்தருள வேண்டுகிறோம். - ஆசிரியர், நடுநாட்டுத் தூதன்.'

இருந்த காகிதம் அத்தனையும் போட்டு முழுசாக அடித்தோம். இதையே விரிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நேற்றுக் காலையிலேயே சவுரிராயனிடம் கொடுத்துவிட்டேன். பிறகு நானும் பெரியசாமியும் வேன் பிடித்துக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சிறுநாவல்பட்டுக்குப் போனோம். கண்ணையன் கடையில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் என்னை விடவில்லை, வீடு வீடாக நீங்களே கொடுங்கள் என்றார். கொடுத்தேன். சிலர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒருவர் என் முகத்துக்கு எதிரே கிழித்தார். அது அவருடைய உரிமை.

அம்சா முழுசாகப் படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இத்த அன்னிக்கே குடுத்திருந்தா நாங்க வந்து பேசியிருப்போமே சார்" என்றார். கிணற்றைக் காட்டினார். கிளம்பும்போது வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து நீட்டினார். பொழுது சாய்ந்துவிட்டது, இனி சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன். கோபம் என்று நினைத்துக்கொள்வாரோ என்று பயமாக இருந்தது. அவர் அதை ஒரு துணியில் முடிந்து, காலையில் சாப்பிடுங்கள் என்று கொடுத்தார். இன்று காலை அண்ணியும் நானும் சாப்பிட்டோம்.

இதுதான் கடைசி இதழ். ஆபீஸ்களிலிருந்து ஏற்கெனவே போன் வர ஆரம்பித்துவிட்டது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும் என்கிறார் வக்கீல். வரட்டும். மலர்விழி பிளெக்ஸ் கடைக்குப் போகிறாள். பெரியசாமி கல்யாணப் பத்திரிகை அடிக்க என்னோடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வேடிக்கை என்னவென்றால், நேற்றைய இதழ் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணையன் இன்னொரு கட்டு கேட்டார். சுற்று ஊர்களிலிருந்து ஆள் வருகிறதாம்.

நீ சொன்னபடி உனக்குக் கார்டு போடவில்லை.

அன்பு அண்ணன்,
ஜிதேந்திரன்

---

விழுப்புரம்
11.12.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய் ஜினேந்திரா. நலம், நலம்தானே? அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? என் பொய்க் கால்வலி அவருக்கு நிஜமாக வந்துவிட்டதே என்று எனக்கு வருத்தம்.

கார்டு போடாதீர்கள் என்று சொன்னேன்தான். சொன்னால் உடனே கேட்டுக்கொள்வதா? நாற்பத்தைந்து வருஷமாக நான் சொன்ன எதைக் கேட்டிருக்கிறீர்கள்? தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம் விரதம் முடிந்த அந்த வாரம் முழுவதும் வாசலில் போய் நின்றேன். கடைசியில் பொறுக்காமல் உங்கள் முதல் பக்கத்தை வெட்டி, அதில் 'சிறுநாவல்பட்டு மக்களுக்கு' என்ற இடத்தில் என் பெயரையும் எழுதிச் சேர்த்துக்கொண்டேன். நானும் உங்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணா.

பழைய கூட்டம் செல்லாது என்று ஆனதைப் போனில் சொன்னேன். புதுக் கூட்டம் நேற்று நடந்தது. இந்தத் தடவை அறிவிப்பு வேறொரு பத்திரிகையில் வந்தது. அதுவும் கண்ணையன் கடைக்கு வரவில்லை. கலெக்டர் ஆபீஸில் தற்செயலாகப் பார்த்து, நகல் எடுத்து, அம்சாவும் நானும் வீடு வீடாகக் கொடுத்தோம். பக்கத்து ஊர்களில் அடுத்த மாதம் வேறு கூட்டங்கள் இருக்கின்றன. அங்கேயும் யார் கொடுப்பது என்று தெரியவில்லை. நான் ஒருத்தி எத்தனை ஊருக்கு ஸ்கூட்டி ஓட்டுவேன்?

நேற்று அங்கே பத்திரிகைக்காரர் என்று யாரும் வரவில்லை. இன்று காலை கிடைத்த பேப்பரையெல்லாம் வாங்கிப் பார்த்தேன், ஒரு வரி இல்லை. எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுதி அனுப்ப உங்களை விட்டால் எனக்கு வேறு ஆபீஸ் கிடையாது. வழக்கம்போல தமிழ்மணி கொண்டுவருவார்.

'சிறுநாவல்பட்டு, டிச. 10: சிறுநாவல்பட்டு குன்றில் கல் குவாரி அமைப்பது குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம் புதன்கிழமை நடைபெற்றது. போடப்பட்டிருந்த நாற்காலிகள் போதாமல் ஊர் மக்கள் தரையில் அமர்ந்திருந்தனர். முதலில் பேசிய விவசாயி அம்சா, தமது கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து அதிகாரிகளின் மேஜைமேல் வைத்தார். "எங்க ஊரு பாதி இத்ததான் குடிச்சிக்கினு இருக்குது. குடிச்சுப் பாத்துட்டு எழுதுங்க" என்று கூறினார். அதிகாரி ஒருவர் குடித்தார். தொடர்ந்து பெண்கள், முதியோர் உள்படப் பலர் பேசினர். ஊரார் பேசிய அனைத்தும் எதிர்ப்பாகப் பதிவு செய்யப்பட்டன. கூட்டம் மாலைவரை நீடித்தது.'

இதில் ஊரைத் திட்டும் பத்தி இல்லை. வெட்ட வேண்டும் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள். படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினால் கோபம் வரும், இரண்டு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் செய்தியாளர்,
சந்திரா